கிராஃபிக்ஸ் கார்டு: பெட்டியில் எதைப் படிப்பது?

கேள்வி: மகள் அனிமேஷன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருள் ஓட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறாள். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. இன்னொன்று ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய மாடலில் மெமரி அதிகமாகவும் புதியதில் குறைவாகவும் இருப்பது ஏன்? எதை வாங்குவது?
- திருப்பூர் வாசகர்

பதில்: நம் ஊர்க் கடைகளில் கார்டை 'எத்தனை ஜிபி' என்று கேட்டே விற்கிறார்கள், நாமும் அப்படியே வாங்கிப் பழகிவிட்டோம். ஆனால் ஜிபி என்பது வேகம் அல்ல, இடம்.

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமைக்கிறவர்கள்தான் கார்டின் கோர்கள், அதாவது கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள். நீங்கள் பார்த்த இரண்டும் என்விடியா நிறுவனத்தின் கார்டுகள், அவற்றில் இதைக் கியூடா கோர் என்பார்கள், போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ஸ்ட்ரீம் புராசஸர். அடுப்பை ஒட்டிச் சாமான் வைக்கும் இடம் வி-ரேம், அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் மெமரி. அங்கிருந்து சாமானை எடுத்து நீட்டும் கைகள் மெமரி பஸ். எத்தனை கைகள் என்பதைத்தான் 128 பிட், 192 பிட் என்று எழுதுகிறார்கள். இடம் தாராளமாக இருந்தும் எடுத்துக் கொடுக்கக் கை போதவில்லை என்றால் சமையல்காரர் சும்மா நிற்பார். இடமே போதவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு சாமானுக்கும் மண்டபத்து வாசலில் நிற்கும் வண்டிவரை ஓட வேண்டும். கார்டின் மெமரி நிறைந்து, கம்ப்யூட்டரின் சாதாரண ரேமிலிருந்து தரவை இழுக்கும்போது நடப்பது இதுதான்.

இப்போது உங்கள் இரண்டு கார்டுகளையும் பார்ப்போம். 3060-இல் 3584 கோர்கள், 192 பிட் பஸ், நொடிக்கு 360 ஜிபி தரவு நகரும். 4060-இல் 3072 கோர்கள், 128 பிட், நொடிக்கு 272 ஜிபி. எழுத்தில் பழையதுதான் பெரியது. ஆனாலும் பெரும்பாலான கேம்களில் 4060 முந்துகிறது. காரணம், அதன் கோர்கள் புதிய தலைமுறை. ஓடும் வேகமும் கூடுதல், சுமார் 1.8 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 2.5-ஐ நெருங்குகிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற கையடக்க மெமரியும் 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆகிவிட்டது. அடிக்கடி தேவைப்படுவது கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தால் எடுத்துக் கொடுக்கும் கைகள் குறைந்தாலும் சமாளிக்கலாம். மின்சாரமும் 170 வாட்டிலிருந்து 115 வாட்டாகக் குறைகிறது. அதனால் கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறை கார்டுகளுக்குள் ஒப்பிடுங்கள். தலைமுறை மாறினாலோ நிறுவனம் மாறினாலோ அந்த ஒப்பீடு செல்லாது.

கேம் மட்டும் என்றால் 4060 என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் உங்கள் மகளுக்கு பிளெண்டர். அதில் ஒரு காட்சியின் உருவங்களும், அவற்றின் மேல் போர்த்தும் டெக்ஸ்ச்சர் படங்களும், ரெண்டர் ஆகும்போது, அதாவது காட்சி கணக்கிடப்பட்டு முழுப் படமாகும்போது, வி-ரேமில் இருக்க வேண்டும். சின்னக் காட்சிகளை 4060 வேகமாக முடிக்கும். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் 8 ஜிபியைத் தாண்டினால் வேகம் அதலபாதாளத்துக்குப் போகும், அல்லது மெமரி போதவில்லை என்று ரெண்டர் நின்றே போகும். மெதுவாக முடிவது ஒரு தொல்லைதான், ஆனால் முடியாமலே போவது படிக்கிற பிள்ளைக்குப் பெரிய இடி. எனவே அவருக்கு 12 ஜிபி 3060 வாங்குங்கள். பட்ஜெட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அதில் குறைந்தது மெமரி மட்டும் அல்ல. பஸ்ஸும் 128 பிட்டாகி, நொடிக்கு 240 ஜிபிதான் நகரும். பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கோரல்டிரா, ஃபோட்டோஷாப், டேலி ஓட்டுகிறோம். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. ஜிடி 1030 கார்டு போடச் சொல்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு விலை இருக்கிறதே, ஏன்?
- சிவகாசி வாசகர்

பதில்: முதலில் விலை விஷயம். 2017-இல் வந்த ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி வகை இருந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 என்ற மெதுவான மெமரியோடு ஒன்றை விட்டார்கள். இரண்டும் 2 ஜிபி, இரண்டும் 64 பிட். ஆனால் முதலாவதில் நொடிக்கு 48 ஜிபி நகரும், இரண்டாவதில் 16.8 ஜிபிதான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஒரே பெயரை வைத்து இப்படி விற்றது வாங்குகிறவருக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கணக்கை நீங்களே போடலாம். மெமரியின் வேகத்தைப் பஸ் பிட்டால் பெருக்கி எட்டால் வகுங்கள். ஜிடிடிஆர்5-இன் வேகம் 6 கிகாபிட் என்றால் 6 பெருக்கல் 64, வகுத்தல் 8, விடை 48. எந்தக் கார்டுக்கும் இதுவேதான்.

ஆனால் உங்களுக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு புராசஸரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் போதும். ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள், ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் சாதாரண ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. அதனால் ஒரே 16-க்குப் பதில் இரண்டு 8-ஆகப் போட்டால் பாதை இரண்டாகி இன்னும் நன்றாக ஓடும். பிறகு புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது, இன்டெல் புராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, என் நண்பனின் லேப்டாப்பிலும் ஆர்டிஎக்ஸ் 4060, என்னுடையதிலும் அதுவே. அவனுக்கு கேம் நன்றாக ஓடுகிறது, எனக்கு இழுக்கிறது. என் கார்டு பழுதா?
- மதுரைக் கல்லூரி மாணவர்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு, தம்பி. லேப்டாப்பில் வாட் கணக்கைப் பார்க்க வேண்டும். லேப்டாப் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. மெல்லிய லேப்டாப்பில் சூடு தாங்காது என்பதால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். இதை டிஜிபி என்று லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில், விவரப் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு லேப்டாப்புக்கும் எடுத்துப் பாருங்கள். சார்ஜர் மாட்டாமல் விளையாடினாலும் வேகம் குறையும், அதையும் சரிபாருங்கள்.

லேப்டாப் கார்டுக்கும் மேசைக் கம்ப்யூட்டர் கார்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று எண்ண வேண்டாம். மேசைக் கம்ப்யூட்டரின் 4090-இல் 16,384 கோர்கள், 24 ஜிபி மெமரி. லேப்டாப் 4090-இல் 9,728 கோர்கள், 16 ஜிபி. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 4090-க்குச் சமம் என்று அந்த நிறுவனத் தலைவரே மேடையில் சொன்னாரே, உண்மையா?
- நெல்லை வாசகர்

பதில்: 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் அப்படித்தான் அறிவித்தார், 549 டாலரில் 4090-இன் திறன் என்று. ஆனால் 5070-இல் 6,144 கோர்கள், 12 ஜிபி. 4090-இன் அளவுகளை மேலே சொன்னேன். கார்டு தானாக வரையும் படங்களை மட்டும் எண்ணினால் 5070 அதன் பக்கத்தில் கூட வராது.

சமம் என்ற கணக்கு ஃபிரேம் ஜெனரேஷனால் வந்தது. கார்டு ஒரு ஃபிரேமை, அதாவது திரையில் ஓடும் ஒரு படத்தை, உண்மையாகக் கணக்கிட்டு வரைகிறது, அடுத்ததையும் வரைகிறது. இரண்டுக்கும் நடுவில் எப்படி இருக்கும் என்று ஊகித்து இடைப்படங்களைச் செருகுகிறது. 4090 ஒரு உண்மைப் படத்துக்கு ஒரு ஊகப் படம் செருகும். அந்த அறிவிப்பின்போது 5070 மூன்று வரை செருகியது. எண்ணிக்கை அதனால்தான் எகிறுகிறது. படம் வழுக்கிக்கொண்டு ஓடுவது உண்மைதான், ஆனால் நீங்கள் மவுஸை அசைத்தால் அது உண்மைப் படத்தில்தான் பிரதிபலிக்கும். நொடிக்கு 25 உண்மைப் படங்கள் என்றால் திரையில் 100 காட்டினாலும் கைக்கு 25-இன் மந்தமே தெரியும். ஏற்கெனவே 60-ஐ ஒட்டி ஓடும் கேமை இன்னும் மென்மையாக்க இது நல்ல வசதி. திணறும் கேமைக் காப்பாற்ற உதவாது.

ஃபிரேம் ஜெனரேஷனையும் என்விடியா டிஎல்எஸ்எஸ் என்ற பெயரிலேயே தருகிறது, ஆனால் அந்தப் பெயரில் முதலில் வந்தது வேறு. குறைந்த அளவில் வரைந்த படத்தைக் கணினியே பெரிதாக்கித் தெளிவாக்குவது. 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு வந்தது. ஏஎம்டியில் எஃப்எஸ்ஆர், இன்டெலில் எக்ஸ்இஎஸ்எஸ் என்று இதே வகையில் இருக்கின்றன. இது உண்மையிலேயே பயன்படும் தொழில்நுட்பம், தயங்காமல் போட்டு விளையாடலாம். விமர்சனங்களைப் படிக்கும்போது மட்டும் அந்த எண்கள் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டு எடுத்ததா, போடாமல் எடுத்ததா என்று பாருங்கள்.

கேள்வி: புதுக் கார்டு போட்டும் கேம் முன்பு போலவே ஓடுகிறது. ஏன்?
- தஞ்சை வாசகர்

பதில்: மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று கம்ப்யூட்டரின் பின்பக்கம் பாருங்கள். மதர்போர்டில் இருந்தால் எடுத்துக் கார்டில் செருகுங்கள். பலருக்கு இத்தோடு சரியாகிவிடும்.

கேள்வி: பழைய அலுவலகக் கம்ப்யூட்டரில் கார்டு போடலாமா? பவர் சப்ளை சின்னது.
- ஓசூர் வாசகர்

பதில்: கார்டு செருகும் துளையிலிருந்து 75 வாட் வரை கிடைக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 முனை ஒயர் 75 வாட், 8 முனை ஒயர் 150 வாட். உங்களுக்கு 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 பொருந்தும். 70 வாட்தான், பொதுவாகத் தனி ஒயர் கேட்பதில்லை. 8 ஜிபி 3050-ஐ விட அதில் கோரும் பஸ்ஸும் குறைவு, இருந்தாலும் உங்கள் பெட்டிக்கு அதுதான் சரி. கேபினெட்டுக்குள் கார்டு நீளமும் உயரமும் அடங்குமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கினேன். கேம் திறந்தாலே கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?
- சென்னை வாசகர்

பதில்: ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். போலி என்று அதற்குத் தெரிந்தால் கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டும். 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450 போன்ற கார்டுகளின் பயாஸை, அதாவது கார்டின் பெயரையும் விவரத்தையும் சொல்லும் உள் மென்பொருளை, மாற்றி எழுதி, 1050 டிஐ என்று விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். உண்மையான 1050 டிஐ-யில் 768 கோர்கள், 4 ஜிபி ஜிடிடிஆர்5, 128 பிட் இருக்க வேண்டும். பழைய மானிட்டர்களுக்கான நீலநிற விஜிஏ துளை இருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம், 1050 டிஐ தலைமுறைச் சிப் அந்தப் பழைய அனலாக் வெளியீட்டைக் கைவிட்டுவிட்டது.

இது எனக்கே நடந்தது. அக்கா மகனுக்காக ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் பையன் முகம் வாடிப்போய் வந்து நின்றான். மென்பொருள் காட்டிய திரையைப் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போனேன். பில்லில் மாடல் பெயரை முழுதாக எழுதச் சொல்லி வாங்கியிருந்ததால் அவர்களால் மறுக்க முடியவில்லை. பணம் திரும்பி வந்தது. பில்லில் வெறுமனே 'கிராஃபிக்ஸ் கார்டு, ஒன்று' என்றிருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்காது.

நீங்கள் கடையிலோ வணிகரிடமோ வாங்கியிருந்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தனி நபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கைகொடுக்காது. அடுத்த முறை அப்படி வாங்கும்போது அவர் வீட்டிலேயே கார்டை மாட்டி, ஜிபியு-இசட் திறந்து, அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தைக் கையில் கொடுங்கள்.