படம் எடுத்த தேதி நிரலுக்கு ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: பழைய ஒளிப்படங்களை ஆண்டு வாரியாகப் பிரிக்க, பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தைக் கொண்டு ஒரு நிரல் எழுதினேன். கெட்எக்ஸிஃப் செயற்கூறு கேமராவின் பெயரையும் ஒரு தேதியையும் தருகிறது. சில படங்களில் அந்தத் தேதி தவறாக இருக்கிறது. எடுத்த இடமோ வரவே இல்லை. அதே படங்களைக் கைபேசியில் திறந்தால் இரண்டும் சரியாகத் தெரிகின்றன. பிழை எங்கே?

பதில்: நீங்கள் அழைத்த செயற்கூறு சரியானதுதான், அது தருவது முதல் அடைவை மட்டுமே என்பதுதான் சிக்கல். படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவல் ஒரே பட்டியலாக இல்லாமல், ஓர் அடைவுக்குள் வேறு அடைவுகளைச் சுட்டும் அமைப்பில் எழுதப்படுகிறது. கிடைத்த விடையை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள்: 34665, 34853 ஆகிய குறியெண்களுக்கு (ஒவ்வொரு தகவலையும் அடையாளம் காட்டும் எண்கள்) எதிரே பொருள் விளங்காத முழு எண்கள் நிற்கும். அவை மதிப்புகள் அல்ல, உள் அடைவுகள் தொடங்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகள். கெட்எக்ஸிஃப் தந்த பொருளிடமே கெட்_ஐஎஃப்டி என்ற செயற்கூறை அழைத்து 34665 என்று கொடுத்தால் படம் எடுத்தபோது பதிவான விவரங்களும், 34853 என்று கொடுத்தால் இடத் தகவலும் கிடைக்கும். அடிக்கோட்டில் தொடங்கும் பழைய _கெட்எக்ஸிஃப் எல்லா அடைவுகளையும் ஒன்றாக்கித் தந்ததால், அதை வைத்து எழுதிய எடுத்துக்காட்டுகள் இந்தப் படியைச் சொல்வதில்லை.

உங்களுக்குக் கிடைத்த தேதி முதல் அடைவிலுள்ள 306ஆம் குறியெண்ணுடையது; அது கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் குறிப்பதால், திருத்தப்பட்ட படங்களில் எடுத்த நாளோடு ஒத்துப்போகாது. உங்களுக்கு வேண்டியது 34665 சுட்டும் உள் அடைவிலுள்ள, எடுத்த நேரத்தைக் குறிக்கும் 36867. அதன் மதிப்பு '2019:08:14 18:42:07' என்ற எழுத்துச் சரமாக வரும். நாளுக்குள்ளும் முக்காற்புள்ளியே இருப்பதைக் கவனியுங்கள். நாளை 2019-08-14 என்று எழுதும் ஐஎஸ்ஓ வடிவத்தை எதிர்பார்க்கும் செயற்கூறிடம் இதைக் கொடுத்தால் பிழைதான் வரும், எனவே வடிவத்தை நீங்களே குறிப்பிட்டுப் பிரிக்க வேண்டும். கடிகாரம் அமைக்கப்படாத கேமராக்கள் வெறும் சுழியங்களையோ இடைவெளிகளையோ எழுதிவைப்பதும் உண்டு.

இடத் தகவலில் அகலாங்கு பாகை, நிமிடம், விநாடி என மூன்று எண்களாக இருக்கும். 12, 30, 36 என்றால் நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துக் கூட்ட, 12.51 கிடைக்கும். திசையைச் சொல்லும் எழுத்து தனிக் குறியெண்ணில் இருப்பதால், தெற்கு அல்லது மேற்கு எனில் எதிர்க்குறி சேர்க்க மறந்துவிடாதீர்கள். நெட்டாங்குக்கும் இதே கணக்குத்தான்.

செய்திச் செயலிகள் வழியே வந்த படங்களில் பெரும்பாலும் இந்தத் தகவல்கள் நீக்கப்பட்டிருக்கும். அப்போது கோப்பின் மாற்ற நேரத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். படியெடுத்தாலே அது மாறிவிடக்கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய படங்களைத் 'தேதி தெரியாதவை' என்ற தனிக் கோப்புறையில் போடுவதே நேர்மையானது. பிரிக்கும்போது படத்தைப் பில்லோவில் திறந்து மீண்டும் சேமிக்காமல், கோப்பையே நகர்த்துங்கள். ஜேபெக் படத்தைச் சேமிக்கும்போது எக்ஸிஃப் தகவலை நீங்களாகக் கொடுக்காவிட்டால், புதிய கோப்பில் அது இருக்காது.