ரிட்டென்ஷன் டைம் மாறினால் எண்ணெய் கலப்படமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறோம். அப்பச்சி காலத்திலிருந்தே இதுதான் தொழில். சிங்கப்பூருக்குப் பலகாரம் அனுப்பும் ஒருவர் எங்களிடம் எண்ணெய் எடுக்க ஜி.சி. ரிப்போர்ட் கேட்டார். ஒரே பீப்பாயிலிருந்து இரண்டு லேபுக்கு அனுப்பினோம். ஒலியிக் அமிலத்துக்கு ‘ரிட்டென்ஷன் டைம்’ ஒன்றில் 18.4, இன்னொன்றில் 31.7 என்று வந்திருக்கிறது. “நம்பர் இவ்வளவு மாறினால் கலப்படம்தான், நல்ல ரிப்போர்ட் நான் வாங்கித் தருகிறேன்” என்று நடுவில் இருக்கும் ஏஜென்ட் பணம் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கலப்படம் உண்டா இல்லையா என்பதை அந்த நம்பரை வைத்து யாரும் சொல்ல முடியாது.

ஜி.சி. என்பது கேஸ் குரோமட்டோகிராஃபி. எண்ணெய் அப்படியே ஆவியாகாது. அதனால் அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டர்களாக மாற்றி, ஒரு சொட்டிலும் மிகச் சிறிய அளவைக் கருவிக்குள் செலுத்துவார்கள். ஹீலியம், நைட்ரஜன் போன்ற ஒரு வாயு அதை நீண்ட, மெல்லிய குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டு போகும். இந்தக் குழாய்க்கு ஆங்கிலத்தில் ‘காலம்’ (column) என்று பெயர். அதன் உள்சுவரில் ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சில் அதிகம் ஒட்டும் பொருள் தாமதமாக வெளியே வரும், ஒட்டாதது சீக்கிரம் வந்துவிடும். உள்ளே செலுத்தியதிலிருந்து வெளியே வந்து, கருவி வரையும் கோட்டில் அதன் மேடு (இதுதான் பீக்) உச்சம் தொடும் வரை எத்தனை நிமிடம் ஆனதோ, அதுதான் ரிட்டென்ஷன் டைம்.

காரைக்குடியில் ஏறும் ஒருவர் எங்கும் நிற்காத பஸ்ஸில் மதுரைக்கு ஒரு நேரத்தில் போய்ச் சேருவார். திருப்பத்தூர், மேலூர் என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் வேறு நேரத்தில் போய்ச் சேருவார். ஆள் மாறிவிட்டார் என்று யாராவது சொல்வார்களா? ஒரு லேபில் 30 மீட்டர் குழாய் இருக்கும், இன்னொன்றில் 100 மீட்டர். சூடாக்கும் முறை வேறு, வாயுவின் வேகம் வேறு. உங்கள் 18.4, 31.7 எல்லாம் இப்படி வந்தவைதான். குழாயின் நுனியில் அழுக்குச் சேர்ந்தால் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பொருத்துவார்கள். அதற்கே நேரம் குறையும்.

நீங்கள் பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் சதவீதப் பத்தியை. நீங்கள் அனுப்பிய நகல்களில் ஒலியிக் 52.1, 51.6 என்று இருக்கிறது. மற்ற கொழுப்பு அமிலங்களில் பால்மிடிக் 10.8, 11.0. பெஹெனிக் 2.9, 3.0. இரண்டு லேபும் ஒன்றையேதான் சொல்லியிருக்கின்றன. கடலை எண்ணெய்க்குப் பெஹெனிக் 1.5 முதல் 4.5 வரை இருக்கலாம், பால்மிடிக் 14-க்கு மேல் போகக்கூடாது. பாமாயிலில் பால்மிடிக் 40 பக்கம் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால் உங்கள் 11 சுமார் 17 ஆகிவிடும். அதுதான் கலப்படத்தின் அடையாளம்.

ரிட்டென்ஷன் டைமைப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் ஏஜென்ட் இதைப் பிடித்துக்கொண்டு மறுபடி வருவார். ஒரே லேப், ஒரே கருவி, ஒரே நாள். உங்கள் எண்ணெயை ஓட்டுவதற்கு முன்போ பின்போ, இன்ன இன்ன அமிலம் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கலவையை ஓட்டுவார்கள். இதற்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். ஸ்டாண்டர்டில் பெஹெனிக் எந்த நிமிடத்தில் வந்ததோ, உங்கள் எண்ணெயிலும் அந்த நிமிடத்தில்தான் வர வேண்டும். இரண்டாம் தசமத்தில் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. எல்லா பீக்கும் சேர்ந்து ஒரே மாதிரி தள்ளிப் போயிருந்தாலும் கவலைப்பட வேண்டாம், வாயுவின் வேகம் கொஞ்சம் மாறியிருக்கும். ஒலியிக் மட்டும் லேசாகப் பின்னால் வந்தாலும் சரிதான், அளவு அதிகமாக இருக்கும் பீக் அப்படித்தான் சாயும். ஆனால் ஒரு சின்ன பீக் மட்டும் தனியாக விலகி நின்றால், அதற்கு லேப் எழுதியிருக்கும் பெயரே சந்தேகம். அப்போது அதன் பக்கத்தில் உள்ள சதவீதத்தையும் நம்ப வேண்டாம். ஸ்டாண்டர்டு ஓட்டிய தாளைக் கேளுங்கள். ஒழுங்கான லேப் என்றால் முகம் சுளிக்காமல் தரும்.

இனி அந்த ஏஜென்ட். ‘நல்ல ரிப்போர்ட்’ என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? வேறு எண்ணெயை பாட்டிலில் நிரப்பி, உங்கள் பெயரை ஒட்டி லேபுக்குக் கொடுப்பார். லேப் பொய் சொல்லாது, அந்த பாட்டிலைப் பற்றி உண்மையைத்தான் எழுதும். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்’ என்று இருக்கிறது பாருங்கள், அதன் அர்த்தம் இதுதான். நாளைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் உங்கள் கடையில் மாதிரி எடுத்தால் அந்தத் தாள் எதற்கும் உதவாது. தரக்குறைவு என்று முடிவானால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த நேரத்தில் ஏஜென்ட்டின் போன் அணைந்திருக்கும்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருக்கிறது என்று காட்டுவார்கள். அந்த லேப் தண்ணீர் பரிசோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கியிருக்கலாம். எண்ணெயில் கொழுப்பு அமிலப் பரிசோதனை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

இந்த ஏஜென்ட்டுகள் பிழைப்பதற்கு லேபுகளும்தான் காரணம். கருவி துப்பிய தாளை அப்படியே நாலு பக்கம் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்தால் செக்கு ஆட்டுகிறவர் என்ன செய்வார்? உரிமம் வாங்கிய தயாரிப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று விதி போடத் தெரிகிறது. வரும் தாளைப் படிப்பது எப்படி என்று தமிழில் அரைப் பக்கம் சேர்த்துக் கொடுக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. காரைக்குடி என்றால் சிக்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் என்று பெருமை பேசுகிறோம், அங்கே நடப்பது மின்வேதி ஆராய்ச்சி. எண்ணெய் பாட்டில் என்னவோ மதுரைக்கோ சென்னைக்கோ கூரியரில்தான் போகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டு ரிப்போர்ட்டையும் நேராகப் பலகாரக்காரருக்கே அனுப்புங்கள். எந்த வகைக் குழாய் (column), எத்தனை மீட்டர் என்று இரண்டு லேபிடமும் ஒரு வரி எழுதி வாங்கி அதையும் கூடவே வையுங்கள். அப்புறமும் அவருக்குச் சந்தேகம் இருந்தால் செக்கடிக்கே வரச் சொல்லுங்கள். அவர் கண் முன்னே மூன்று பாட்டில் பிடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டு சீல் வைத்து, ஒன்றை அவர் சொல்லும் லேபுக்கு அனுப்பலாம். மற்ற இரண்டை ஆளுக்கொன்றாக வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைச் செலவு யாருடையது என்பதை மட்டும் பாட்டில் பிடிப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.