ஆறு மாட்டுக்கு எவ்வளவு பெரிய சைலேஜ் குழி?

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆறு கறவை மாடுகள் வைத்திருக்கிறார், போன தை மாதம் மக்காச்சோளத்தைக் கதிரோடு வெட்டி நறுக்கி, பத்தடி அகலம் ஐந்தடி ஆழக் குழியில் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) போட்டார். திறந்த முதல் வாரம் நன்றாக இருந்ததாம், அப்புறம் சூடேறி வெள்ளையாகப் பூஞ்சாணம் பிடித்துப் பாதிக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று. மருந்து ஏதாவது கலக்கணுமா என்கிறார்.

மருந்து வேண்டாம். முதல் வாரம் நன்றாக இருந்தது என்றாலே நீங்கள் போட்ட விதம் பெரும்பாலும் சரிதான், குழிதான் உங்கள் மாடுகளுக்குப் பெரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாட்டுக்கு 15 கிலோ வீதம் நாளைக்கு 90 கிலோ. நன்றாக மிதித்த சைலேஜ் ஒரு கன அடி சுமார் 17 கிலோ இருக்கும். பத்துக்கு ஐந்து முகப்பில், அதாவது தீவனம் எடுக்கிற திறந்த பக்கத்தில், 90 கிலோ எடுத்தால் ஒன்றேகால் அங்குலம்தான் உள்ளே போகிறீர்கள். மாசி, பங்குனி வெயிலில் காற்று உங்களை முந்திக்கொண்டு உள்ளே போய்விடும், காற்று போன இடத்தில் சூடும் பூஞ்சாணமும் வந்தே தீரும். நாளுக்கு ஆறு அங்குலமாவது முகப்பு முழுக்க நேராகச் செதுக்கி எடுக்கிற மாதிரி குழி இருக்க வேண்டும். மூன்றடி அகலம், மூன்றரை அடி ஆழம், பதினேழடி நீளத்தில் ஒரு குழி போட்டால் சுமார் 3 டன் பிடிக்கும், ஒரு மாதத்துக்கு மேல் வரும். நான்கு மாதத்துக்கு இப்படி நான்கு. டிராக்டர் இறங்காது, அரையடி அரையடியாகப் போட்டுக் காலால்தான் மிதிக்கணும். அதே நாளில் மூடிவிடுங்கள், நாளைக்கு மீதியைப் போடலாம் என்று திறந்து வைக்காதீர்கள். குழி வெட்ட இடமில்லை என்றால் உள்ளே பாலிதீன் உறை போட்ட 50 கிலோ பைகள், நாளைக்கு இரண்டு. ஆறு மாட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். எலி மட்டும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சின்ன ஓட்டை போதும், பை முழுக்க வீணாகும்.

வெட்டும் பருவத்துக்கு நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். கதிரை நடுவில் ஒடித்து, நுனிப் பக்கத்துத் துண்டில் ஒடிந்த இடத்து மணியைப் பாருங்கள். மேலே கெட்டியான மஞ்சள், கீழே பால், நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு பாதி இறங்கியதும் வெட்டலாம், முக்கால்வாசி தாண்ட விடாதீர்கள். நறுக்கியதை ஒரு கைப்பிடி அள்ளி அரை நிமிஷம் இறுக்கிப் பிடித்துத் திறந்தால், சாறு சொட்டினால் ஈரம் அதிகம், உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, உருண்டை மெதுவாக விரிந்தால் சரி. ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் நீளமாக நறுக்கினால் எவ்வளவு மிதித்தாலும் காற்று தங்கும். வெல்லப்பாகு தேவையில்லை, மக்காச்சோளத்திலேயே போதுமான சர்க்கரை இருக்கிறது.

45 நாள் கழித்துத் திறங்கள். லேசான புளிப்பு வாசம், மஞ்சள் கலந்த பச்சை நிறம் இருக்கணும். பூஞ்சாணம் பிடித்ததைக் 'கொஞ்சம்தானே' என்று தீவனத்தில் கலந்துவிடாதீர்கள், தயவுசெய்து. அதில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சாண நச்சு இருந்தால் பாலுக்கும் வரும், அந்தப் பாலைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. எருக்குழியில் கொட்டுங்கள்.

நல்லதையும் முதல் நாளே 15 கிலோ கொட்டாமல், ஐந்து கிலோவில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் ஏற்றுங்கள். கூடவே வைக்கோலும் போடுங்கள்.