ஒட்டு வேலை தெரியாத கோதிக் கொலாஜ்

கேள்வி: இலவசப் படத் தளங்களிலிருந்து பாழடைந்த தேவாலயம், இலையில்லாத மரங்கள், காகங்கள், கறுப்பு கவுன் போட்ட பெண் என்று எடுத்துச் சேர்த்து, ஃபோட்டோபியா என்ற இணையப் படத்திருத்தியில் கோதிக் (இருண்ட, அமானுஷ்யமான பாணி) கொலாஜ் செய்கிறேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே மூடுபனியும் போடுகிறேன். அப்படியும் கத்தரித்து ஒட்டியதுபோலவே தெரிகிறது. அந்த அமானுஷ்யம் வரவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறுகிறேன்? இதைப் பிரிண்ட் போட்டு விற்கலாமா?

பதில்: மூடுபனியை எங்கே போடுகிறீர்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம். எல்லா லேயருக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்கள்) மேலே ஒரே பனிப் படத்தைப் பரப்பினால், முன்னால் நிற்கும் பெண்ணும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே அளவு மங்கும். தூரம் என்பதே தெரியாது. பனி லேயர்களுக்கு நடுவில் வர வேண்டும்: வானம், அதன் மேல் பனி, அப்புறம் தேவாலயம், மறுபடி கொஞ்சம் பனி, மரங்கள், லேசான பனி, கடைசியாகப் பெண். நிறத்துக்கு வெள்ளை வேண்டாம். உங்கள் வானத்திலிருந்தே ஒரு சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மென்மையான பிரஷ், ஃப்ளோ (பிரஷ் விடும் நிறத்தின் அளவு) 5 முதல் 10 சதவீதம், தரையை ஒட்டி அடர்த்தியாக, மேலே போகப் போகக் குறைவாக.

இதைவிட முக்கியம் கறுப்பு. தூரத்துப் பொருளுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் பனிக்காற்று முதலில் தின்பது அதன் கறுப்பைத்தான். தேவாலய ஜன்னலுக்குள் இருக்கும் இருட்டும் பெண்ணின் கவுனும் ஒரே கறுப்பாக இருந்தால், எத்தனை பனி போட்டாலும் இரண்டும் பக்கத்தில் ஒட்டியதுபோலத்தான் நிற்கும். அந்தந்த லேயருக்கு மட்டும் கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரு கோட்டால் மாற்றும் கருவி) போட்டு, கோட்டின் இடது கீழ் முனையை நேராக மேலே இழுங்கள். 255-இல் தேவாலயத்துக்கு 70 வாக்கில், நடு மரங்களுக்கு 35 வாக்கில், பெண்ணுக்கு ஏறக்குறைய சுழியம். இந்த எண்கள் சட்டமில்லை, உங்கள் படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் தூரம் கூடக் கூட எண்ணும் கூட வேண்டும், அந்த வரிசை மாறக் கூடாது. இதை மட்டும் செய்தாலே உங்கள் படத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஹ் 1809–10-இல் வரைந்த, ஓக் மரங்களுக்கு நடுவே பாழடைந்த மடம் நிற்கும் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். பெர்லினில் இருக்கிறது. படத்தின் கீழ்ப்பகுதி முழுக்க இருட்டு. சவப்பெட்டியோடு போகும் துறவிகள் அதற்குள் சின்னக் கீற்றுகளாகத்தான் தெரிவார்கள். மேலே மங்கிய வெளிச்சம், அதன் எதிரே மடத்தின் சுவரும் மொட்டை மரங்களும். பயமுறுத்தும் பொருள் என்று முன்னால் எதையும் பெரிதாக நிறுத்தவே இல்லை. அந்தச் சுவர் அவர் பிறந்த ஊரான கிரைஃப்ஸ்வால்டுக்குப் பக்கத்து எல்டேனா மடத்தினுடையது. அதே இடிபாட்டைப் பின்னாளில் வேறொரு ஓவியத்தில் ரீசன்கெபிர்கே மலைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். உண்மையில் அது இருப்பது பால்டிக் கடலோரச் சமவெளியில். அவரும் வெவ்வேறு இடங்களை ஒட்டியவர்தான். ஒட்டு தெரியாததற்குக் காரணம், படம் முழுக்க ஒரே வெளிச்சம், ஒரே காற்று.

எனவே முதலில் ஒரே ஒரு அடிப்படைப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். யார்க்ஷயரின் விட்பி மடம் மாதிரி ஏதாவது இடிபாடு, மேகமூட்டமான நாளில் எடுத்ததாக இருந்தால் நல்லது. மற்ற எல்லாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வளைவுகளின் நிழலில் பாருங்கள். பெண்ணின் மூக்கு நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தால் படத்தைத் திருப்பிப் போடுங்கள். நிலா அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், முகத்தில் ஸ்டுடியோ வெளிச்சம் இருக்கவே முடியாது. பலர் சறுக்கும் இன்னொரு இடம் அடிவானக் கோடு. நின்றுகொண்டு கண் மட்டத்தில் எடுத்த படம், சமதரை என்றால், அதே தரையில் நிற்கும் சராசரி உயரமுள்ளவரின் கண்கள் ஏறக்குறைய அடிவானக் கோட்டிலேயே வரும். கிட்டே நின்றாலும் எட்டி நின்றாலும் அப்படித்தான். உங்கள் பெண் பொம்மை போலவோ ராட்சசி போலவோ தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பாதத்தை ஒட்டி மெல்லிய, அடர்ந்த நிழல் ஒன்று போடுங்கள். அடிப்படைப் படத்திலிருந்தே கொஞ்சம் புல்லை எடுத்துக் கால்களுக்கு முன்னால் வையுங்கள்.

மரக்கிளைகளையும் காகங்களையும் கிளை கிளையாக, இறகு இறகாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வெளிறிய வானத்துக்கு எதிரே எடுத்த படமாகத் தேடி, லெவல்ஸ் என்ற வெளிச்சக் கருவியில் அந்த வானத்தை முழு வெள்ளையாக்கிவிட்டு, லேயரை மல்ட்டிப்ளை என்ற கலப்பு முறையில் போடுங்கள். வெள்ளை தானாக மறைந்துவிடும், நுனிக் கிளை வரை அப்படியே நிற்கும். கறுப்புப் பின்னணியில் எடுத்த புகைக்கு இதற்கு நேரெதிர்: ஸ்க்ரீன், அதில் கறுப்பு மறையும். ஒன்று மட்டும் கவனம். மல்ட்டிப்ளை கறுப்பை வெளுக்காது. கிளைகளைத் தூரத்தில் வைப்பதென்றால் கறுப்பை அந்த லேயரிலேயே உயர்த்த வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் மேலே ஒரு கர்வ்ஸ் போட்டு, படத்தைக் கண் கூசும் அளவுக்கு வெளிச்சமாக்கிப் பாருங்கள். இருட்டில் ஒளிந்திருக்கும் வெட்டு விளிம்புகள், மாஸ்க்கில் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) விட்டுப்போன திட்டுகள் எல்லாம் வெளியே வரும். உங்கள் திரையில் தெரியாதது இன்னொருவர் போனில் பளிச்சென்று தெரியும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடுங்கள். அப்புறம் நிறத்துக்கு ஒரு கிரேடியன்ட் மேப் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனி நிறம் தருவது): நிழலில் பச்சை கலந்த கருநீலம், வெளிச்சத்தில் மங்கிய காவி. சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் 30 சதவீதம் வைத்தால் போதும். கடைசியாக, படம் முழுக்க ஒரே சன்னமான நாய்ஸ் (மணல்போன்ற புள்ளிகள்). வெவ்வேறு கேமராக்களிலிருந்து வந்த துண்டுகள் ஒன்றுசேர அது ரொம்ப உதவும்.

விற்கலாமா என்றால், விற்கலாம். ஆனால் படத்துக்குப் படம் உரிமம் பார்க்க வேண்டும். அன்ஸ்ப்ளாஷ், பிக்ஸாபே என்ற இலவசப் படத் தளங்கள் இரண்டுக்கும் தனித்தனி உரிமம் உண்டு. எடுத்த படத்தை அப்படியே விற்கக் கூடாது, மாற்றி உருவாக்கிய கலையை விற்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமத்தில் வணிகத்துக்கு இல்லை என்றோ மாற்றம் கூடாது என்றோ இருந்தால் விட்டுவிடுங்கள். விக்கிமீடியாவில் நிறைய இடிபாட்டுப் படங்கள் 'அதே உரிமத்தில் பகிர்க' என்ற நிபந்தனையோடு வரும். அதைச் சேர்த்தால் உங்கள் கொலாஜும் அதே உரிமத்துக்குள் போய்விடும். கூகுள் தேடலில் கண்ணில் பட்டதெல்லாம் இலவசம் இல்லை.

அடையாளம் தெரியும் முகங்களில் கூடுதல் கவனம் தேவை. படத்தில் இருப்பவரைத் தவறாகவோ இழிவாகவோ காட்டக் கூடாது என்பது இந்தத் தளங்கள் பலவற்றின் நிபந்தனை. யாரோ ஒரு பெண்ணின் முகத்தைப் பிணமாக்குவது எனக்கு நியாயமாகவும் படவில்லை. ஃபிரீட்ரிஹ் தன் மனிதர்களை அடிக்கடி முதுகு காட்டியே நிற்க வைப்பார். நீங்களும் அப்படித் தேடுங்கள். முகத்தின் மேல் விழும் வெளிச்சப் பிரச்சினையும் கூடவே ஒழியும்.

அருங்காட்சியகங்களை மறக்காதீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 2020-இலும் லட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோ உரிமத்தில் திறந்துவிட்டன. பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரானேசியின் கற்பனைச் சிறைச்சாலைச் செதுக்கோவியங்கள் மெட்ரோபாலிட்டனில் கிடைக்கும். ஆனால் செதுக்கோவியத்தையும் புகைப்படத்தையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள். கோடுகளும் புகைப்பட மென்மையும் ஒன்றோடொன்று சேர்வது ரொம்பக் கடினம்.

ஒவ்வொரு படத்தின் இணைப்பையும், இறக்கிய தேதியையும், உரிமப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்த வேலையின் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். ஏ3 பிரிண்ட் என்றால் தொடக்கத்திலேயே 3508 × 4961 பிக்சலில் ஆரம்பியுங்கள். இருண்ட படங்கள் தாளில் இன்னும் இருண்டு வரும். மொத்தமாக அடிப்பதற்கு முன் அதே தாளில் ஒரு சின்னத் துண்டு அடித்துப் பாருங்கள்.