வாசகர் கேட்டவை: பொட்டலத்தின் பின்பக்கம்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உணவைப் பற்றியவை. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே அச்சத்தை வெவ்வேறு சொற்களில் சொன்னதால், ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் சிறுவயதில் கலப்படம் என்ற சொல்லை நாங்கள் கேட்டதே அரிது. இன்று பால் முதல் பழம் வரை எதையும் நம்பி வாயில் வைக்க முடியவில்லை. உணவு இந்த அளவுக்குக் கெட்டுப்போனது எப்போது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: அந்தச் சொல் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்கலாம், ஆனால் செயல் மிகப் பழையது. 1820-ஆம் ஆண்டிலேயே லண்டனில் வாழ்ந்த ஃபிரெடரிக் அக்கும் என்ற வேதியியலாளர், ரொட்டியில் படிகாரமும், ஊறுகாயின் பச்சை நிறத்துக்காகச் செம்பு உப்பும், பாலாடைக்கட்டியின் சிவப்புக்காக ஈயச் சேர்மமும் கலக்கப்பட்டதை அம்பலப்படுத்தினார். 1858-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்தது இன்னும் கொடியது. மிட்டாய் செய்தவர் சர்க்கரையின் செலவைக் குறைப்பதற்காக, வழக்கமாகச் சேர்க்கும் வெள்ளைத் தூளை வாங்கிவர ஆள் அனுப்பினார். மருந்துக் கடையில் இருந்த உதவியாளர் தவறுதலாக ஆர்சனிக்கை அள்ளிக் கொடுத்துவிட்டார். இருபது பேர் அளவில் இறந்தார்கள். அன்று நேர்ந்த தவறு ஆர்சனிக் கொடுக்கப்பட்டது மட்டும்தான். மிட்டாயில் வேறு தூள் கலப்பதை அந்தத் தொழிலில் யாரும் தவறாக எண்ணியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் காலத்துக் கலப்படம் சோதனைச்சாலையையே ஏமாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறது. 2008-இல் சீனாவில் வெளிவந்த பால்மாவு விவகாரம் அதற்குச் சான்று. பாலில் புரதம் எவ்வளவு என்று அறிய வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கிப் புரதத்தின் அளவைக் கணக்கிடுகிறது. மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் ஊற்றிய பாலில் அதைச் சிறிது கலந்தால், கருவியின் கண்ணுக்கு அது சத்துள்ள பாலாகவே தெரியும். குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் உண்டானது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், நாள்தோறும் உண்பவரின் உடலைச் சிறிது சிறிதாகக் கெடுப்பவற்றில் பெரும்பகுதி, யாரும் திருட்டுத்தனமாகக் கலக்காமல், சட்டப்படி, பெயரும் அளவும் அச்சிட்டு விற்கப்படும் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும்தான். அடுத்த கேள்வி அதைத் தொடுகிறது.

கேள்வி: ‘முழுத்தானியம்’, ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’, ‘கொழுப்பு குறைந்தது’ என்றெல்லாம் பொட்டலத்தின் மீது போட்டிருப்பதை எந்த அளவுக்கு நம்பலாம்?
– வாசகி ஒருவர்

பதில்: முன்பக்கம் விளம்பரத் துறை எழுதுவது, பின்பக்கம் சட்டத்துக்கு அஞ்சி எழுதுவது. எனவே பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் திருப்பிவிடுங்கள். எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கும். நான் பையில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டே கடைக்குப் போகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

முதலில் சேர்மானப் பட்டியல். அது எடையின் இறங்குவரிசையில் இருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும். ‘முழுக்கோதுமை’ என்று பெரிதாகப் போட்ட ரொட்டியின் பட்டியலில் மைதா முதலிலும் முழுக்கோதுமை மாவு நான்காவதாகவும் வந்தால், அதன் பழுப்பு நிறம் பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். சர்க்கரைக்கு இதில் ஒரு தந்திரம் உண்டு. சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாற்றுச் செறிவு என்று நான்காகப் பிரித்துச் சேர்த்தால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். நான்கையும் கூட்டினால் அதுவே முதலிடத்துக்கு வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேனும் பழச்சாறும் உட்பட இத்தகைய சர்க்கரைகளிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. வயதுவந்தவருக்கு அது முறையே சுமார் 50 கிராம், 25 கிராம் ஆகும். 330 மில்லிலிட்டர் கோலா பானம் ஒன்றில் மட்டும் சுமார் 35 கிராம் இருக்கிறது.

அடுத்தது அளவு அட்டவணை. அண்மையில் நான் எடுத்துப் பார்த்த உடனடி நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றில் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று தரப்பட்டிருந்த எண்கள் மிகவும் சாதுவாகத் தெரிந்தன. பரிமாறல் என்றால் எவ்வளவு என்று தேடினால், அரைப் பொட்டலம். அரைப் பொட்டலத்தைச் சமைத்துவிட்டு மீதியைக் கட்டி வைக்கும் மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. 100 கிராமுக்கு என்று உள்ள வரிசையைப் பார்த்தேன்: சோடியம் 1,100 மில்லிகிராம். பொட்டலத்தின் எடை 75 கிராம். எனவே முழுப் பொட்டலத்தில் 825 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். இங்கே அது 2 கிராமுக்குச் சற்று அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும்போது, மாலைச் சிற்றுண்டி ஒன்றே அதில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது.

எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும், இதயத்துக்குக் கேடான கொழுப்பைக் குறிக்கும் ‘டிரான்ஸ் கொழுப்பு 0’ என்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சில நாடுகளின் விதிப்படி, ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் சுழியம் என்று அச்சிடலாம். பட்டியலில் ‘பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்’ என்ற சொற்கள் தென்பட்டால், பொட்டலத்தை அலமாரியிலேயே வைத்துவிடுவது நல்லது. டென்மார்க் 2003-இலேயே இதற்குச் சட்ட வரம்பு விதித்தது. பிற நாடுகள் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன.

கேள்வி: மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டி சேர்த்த உணவைச் சாப்பிட்டால் நரம்பு பாதிக்கும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: 1908-இல் ஜப்பானின் கிக்குனே இக்கேதா, கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்து அதைப் பிரித்தெடுத்தார். அதே குளுட்டமேட் தக்காளியிலும் காளானிலும் பாலாடைக்கட்டியிலும் இயல்பாகவே இருக்கிறது. இயல்பாக இருப்பதையும் சேர்க்கப்பட்டதையும் உடல் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. மிக அதிக அளவில், வெறும் வயிற்றில் உட்கொண்டால் சிலருக்குச் சிறிது நேரம் தலைவலி வரலாம். வழக்கமான உணவில் உள்ள அளவு நரம்பைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த வெள்ளைத் துகளைக் கண்டு அஞ்சும் பலர், அதே பொட்டலத்திலுள்ள உப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். பதப்படுத்திய உணவே கூடாது என்று உறவினர்கள் கடிந்துகொள்கிறார்கள். தயிரும் உறைபனிப் பட்டாணியும்கூடப் பதப்படுத்தியவைதானே? எங்கே கோடு போடுவது?
– இரண்டு குழந்தைகளின் தாய்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அரைப்பதும் உலர்த்துவதும் புளிக்கவைப்பதும் உறையவைப்பதும் பதப்படுத்துதலே. அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பறித்த உடனே உறையவைத்த பட்டாணி, சந்தையில் மூன்று நாள் வாடிக் கிடந்த பட்டாணியைவிடச் சத்தில் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை.

பிரேசிலின் சாவ் பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் உணவை அது பதப்படுத்தப்படும் அளவைக் கொண்டு நான்கு பிரிவுகளாக வகுத்தார்கள். இன்று பரவலாகப் பேசப்படும் ‘அதீதமாகப் பதப்படுத்திய உணவு’ அதில் நான்காவது பிரிவு. உணவுப்பொருளைக் கூறுகளாகப் பிரித்து, மாவுச்சத்து, புரதச் செறிவு, எண்ணெய் என்று ஆக்கி, பிறகு வீட்டுச் சமையலறையில் இல்லாத குழம்பாக்கிகளையும் (எண்ணெயும் நீரும் பிரியாமல் வைத்திருப்பவை) செயற்கை மணங்களையும் கொண்டு அவற்றை மீண்டும் ஒட்டவைத்துச் செய்பவை இதில் அடங்கும். அந்தச் சேர்மானத்தை உங்கள் அடுக்களையில் செய்து பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது ஓரளவுக்கு நல்ல சோதனை.

இந்தப் பிரிவைக் குறித்து 2019-இல் அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனை என் எண்ணத்தை மாற்றியது. அதுவரை இதெல்லாம் சர்க்கரையும் கொழுப்பும் செய்யும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இருபது பேரை நான்கு வாரம் ஓரிடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் அப்படியல்லாத உணவையும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த உணவின் ஆற்றல், சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஒத்திருக்குமாறு அமைத்து, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். முதல் வகை உணவு கிடைத்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 0.9 கிலோ எடை கூடியது. அந்த உணவை அவர்கள் வேகமாக உண்டதும் பதிவாகியிருக்கிறது. மெல்ல வேண்டிய தேவையில்லாத உணவு, போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் தட்டைக் காலியாக்கிவிடுகிறது என்பது பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது. சிறிய சோதனைதான், குறுகிய காலம்தான். ஆனாலும் அறைக்குள் வைத்து அளந்து பார்த்த சோதனை என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். தயிர், உறைபனிக் காய்கறி, டப்பாவில் அடைத்த பயறு, உலர்பழம் ஆகியவை நேரம் மிச்சப்படுத்தும் நல்ல துணைகள். உறவினர் சொல்லுக்காக அவற்றை விட வேண்டாம். குளிர்பானம், நொறுக்குத்தீனி, இனிப்பூட்டிய காலைத் தானியம், பதப்படுத்திய இறைச்சி ஆகிய நான்கையும் வீட்டுக்குள் வாங்கி வைக்காமல், வெளியே போகும்போது எப்போதாவது உண்பதாக மாற்றிக்கொள்ளுங்கள். இவற்றில் பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. அலமாரியில் இருப்பதைக் குழந்தை கேட்டு அழும்போது மறுப்பதைவிட, வாங்காமல் இருப்பது எளிது.

கேள்வி: மீந்த சோற்றை நன்றாகச் சூடாக்கிவிட்டால் கிருமியெல்லாம் செத்துவிடும் அல்லவா?
– தனியாக வாழும் இளைஞர் ஒருவர்

பதில்: கிருமி சாகும், அது விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிக்கும் நீரையும் அவை தாங்கும். சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சு ஒன்றைச் சுரக்கின்றன; மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. எனவே கவனம் வேண்டியது சூடாக்கும் நேரத்தில் இல்லை, ஆறவிடும் நேரத்தில். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குளிர்பெட்டி 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கட்டும்.

நானும் ஒருமுறை பெரிய பாத்திரம் நிறையச் சூடான சோற்றை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்தேன். நான்கு மணி நேரம் கழித்துக் கரண்டியை நடுவில் விட்டால், ஓரம் சில்லென்றும் நடுப்பகுதி கதகதப்பாகவும் இருந்தது. கிருமிக்கு அதைவிட நல்ல படுக்கை வேண்டுமா? அன்றிலிருந்து அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் சிறு டப்பாக்களில் பிரித்து வைக்கிறேன். எடுத்ததை ஒருமுறை மட்டும், ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு சேர்த்த பானம் குடித்தால் எடை குறையுமா? அதில் புற்றுநோய் அபாயம் உண்டா?
– அலுவலக ஊழியர் ஒருவர்

பதில்: எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இவற்றை நாட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது, நீண்டகாலப் பயன் தெரியவில்லை என்பது காரணம். அதே ஆண்டில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற, உறுதி குறைந்த பிரிவில் வைக்கப்பட்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற, அதற்கான தினசரி வரம்பு மாற்றப்படவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட நாளுக்கு ஒன்பது குப்பிகளுக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். எப்போதாவது ஒன்று குடித்ததற்காக உறக்கம் கெட வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர் போதும்.

கேள்வி: பதினாறு வயதான என் மகள் நல்ல உணவைப் பற்றி நிறையப் படிக்கிறாள். முதலில் மகிழ்ந்தேன். இப்போது எதையும் எடைபோட்டே உண்கிறாள். விருந்துக்கு வர மறுக்கிறாள். நாங்கள் சமைத்ததில் ‘என்ன எண்ணெய்’ என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். இது நல்ல பழக்கமா?
– கவலையில் இருக்கும் தந்தை

பதில்: கடைசியாக வைத்திருந்தாலும் இந்தக் கடிதத்தைத்தான் நான் மூன்று முறை படித்தேன். தூய உணவு உண்ண வேண்டும் என்ற நாட்டம் வாழ்க்கையையே விழுங்கும் அளவுக்கு வளர்வதை, 1997-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் ‘ஆர்த்தோரெக்சியா’ என்ற சொல்லால் குறித்தார். அதைத் தனி நோயாக மருத்துவக் கையேடுகள் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் உண்ணுதல் சார்ந்த மற்றக் கோளாறுகளுக்கு அது வாசலாக அமைவதை மருத்துவர்கள் அறிவார்கள். என்னைப் போன்றவர்கள் எழுதும் பத்திகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் மகள் படித்ததெல்லாம் தவறு என்று வாதாடாதீர்கள். அவரிடம் உங்களைவிட அதிகத் தகவல் இருக்கும், தோற்றுப்போவீர்கள். தட்டில் உள்ளதைப் பற்றியும் உடலின் பருமனைப் பற்றியும் மேசையில் யாரும் பேச வேண்டாம். மூன்று மாதத்தில் எடை எவ்வளவு இறங்கியிருக்கிறது, மாதவிடாய் தவறுகிறதா, குளிர் தாங்காமல் நடுங்குகிறாரா, மயக்கம் வருகிறதா, விட்டொழித்த உணவுகளின் பட்டியல் வாரத்துக்கு வாரம் நீள்கிறதா என்று கவனித்துக் குறித்து வையுங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ‘சாப்பிட மறுக்கிறாள்’ என்று மட்டும் சொன்னால் அடம் என்று நினைத்துச் சத்து மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும் என்பதால், அந்தக் குறிப்பை மருத்துவர் கையில் கொடுத்து, மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.