எச்.ஐ.வி. உள்ளவருக்கு சி.டி.4 குறைந்தால் ட்ரயலில் இடம் கிடைக்குமா? கேள்வி பதில்

(சி.டி.4: எச்.ஐ.வி. அழிக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. ட்ரயல்: மருந்தை ஆட்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு.)

காரைக்குடி: ஐயா, மாமாவுக்குப் போன மாதம் சி.டி.4 112, இப்போது 88. ட்ரயலில் 100-க்குக் கீழே கேட்கிறார்கள். எதைக் காட்டுவது?

இரண்டையும் காட்டுங்கள். நோய் முற்றிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எண்ணிக்கை காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் காட்டும். காய்ச்சலிலும் ஸ்டீராய்டிலும் இறங்கும். 25 சதவீதம் ஏறி இறங்குவது சகஜம். ஒரே லேபில், ஒரே நேரத்தில் எடுங்கள். ரத்தம் ஊதா மூடிக் குழாயில், அறை வெப்பத்தில் போக வேண்டும். மதுரைக்கு அனுப்பும்போது ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் எண்ணிக்கையே கெட்டுப்போகும். சீட்டில் சதவீதமும் (லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் சி.டி.4-ன் பங்கு) இருக்கும், அது அவ்வளவாக ஆடாது; 14-க்குக் கீழே போனால்தான் ஏறக்குறைய 200-க்குக் கீழே என்று எடுத்துக்கொள்வார்கள். எப்படியும் ட்ரயல்காரர்கள் தங்கள் லேபில் மறுபடி எடுப்பார்கள்.

தேவகோட்டை: அண்ணே, பத்து நாள் மாத்திரையை நிறுத்தி எண்ணைக் குறைத்தால்?

கூடவே கூடாது. வைரஸ் மேலே வரும், மருந்து எடுபடாமல் போகலாம். ஹெபடைடிஸ் பி-யும் இருந்தால், இரண்டு வைரஸையும் அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை நின்றதும் கல்லீரல் வீங்கி ஆளையே சாய்க்கும். ‘முன்பு மருந்து எடுத்ததில்லை’ என்று கேட்கிற ட்ரயலில், நிறுத்திவிட்டுப் போனால் சேர்க்கமாட்டார்கள்.

கானாடுகாத்தான்: கசாயம் குடிக்கலாமா?

என் துறை இல்லை, ஆச்சி. குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரையைப் போடுங்கள்.

திருப்பத்தூர்: எண்ணை ஏற்றுகிற மருந்து எதுவானாலும் கொடுத்துவிட வேண்டியதுதானே? சாகக் கிடப்பவருக்கு விதி எதற்கு?

இன்டர்லூகின்-2 என்ற, வெள்ளணுக்களைப் பெருக்கும் மருந்து அப்படித்தான் வந்தது. ஊசி போட்டதும் சி.டி.4 நன்றாகவே ஏறியது. எஸ்பிரிட், சில்காட் என்ற இரண்டு பெரிய ட்ரயல்களின் முடிவு 2009-ல் வெளியானது: நோயும் குறையவில்லை, சாவும் குறையவில்லை. எண் ஏறினால் ஆள் தேறிவிட்டார் என்று சொல்ல முடியாது.

திருப்பத்தூர் (மறுபடி): ரத்தம் குறைவு, கல்லீரல் சரியில்லை என்று ஆகக் கஷ்டப்படுபவரைத்தானே கழிக்கிறார்கள்?

அதில் நியாயம் இருக்கிறது. ஹீமோகுளோபின், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டும் அளவு) போன்ற வரம்புகளில் முற்றிய நிலைக்காரர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். ஆனால் அவர்களுக்காகவே நடந்தது ரியாலிட்டி ட்ரயல், ஆப்பிரிக்காவில், சி.டி.4 100-க்குக் கீழே இருந்தவர்களிடம். எச்.ஐ.வி. கூட்டு மருந்தோடு, மற்றத் தொற்றுகளைத் தடுக்க கோட்ரைமாக்சசோல், ஐசோனியசிட், 12 வாரம் ஃப்ளூகோனசோல், 5 நாள் அசித்ரோமைசின், ஒரு வேளை அல்பெண்டசோல். 24 வாரத்தில் சாவு 12.2 சதவீதத்திலிருந்து 8.9 ஆனது. எல்லாம் பழைய மாத்திரைகள். ட்ரயல் தேடும் முன், இவற்றில் எது தேவை என்று ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் இடம்) கேளுங்கள்.

பள்ளத்தூர்: எங்கே தேடுவது? ஊருக்குத் தெரியுமா?

சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் தேடுங்கள், இலவசம். ஆள் சேர்ப்பு திறந்திருக்கிறதா, வரம்பு என்ன என்று பாருங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 2019-ன் புது மருந்து, ட்ரயல் விதிப்படி ட்ரயலால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. சேர்க்கப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி, அதில் சொன்ன சில விலக்குகள் தவிர, உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதை உங்கள் சம்மதமில்லாமல் யாருக்கும் சொல்லக் கூடாது.

புதுவயல்: 130-லிருந்து 105. ட்ரயலுக்காக மாத்திரையை நிறுத்தட்டுமா?

மேலே முதல் இரண்டு பதிலைப் படியுங்கள். நிறுத்தாதீர்கள்.

சிவகங்கை: சி.டி.4 42. கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது. ட்ரயல் கிடைக்குமா?

ட்ரயல் அப்புறம். 50-க்குக் கீழே இருக்கையில் சி.எம்.வி. என்ற வைரஸ் விழித்திரையை அரிக்கலாம், வலிக்காது. இன்றைக்கே கண் டாக்டரிடம் போய், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.