சுயகட்டுப்பாடு பரம்பரையா, பழக்கமா?

அப்பாவுக்கும் பேக்கரி ரோல்ஸைக் கண்டால் கை நிற்காது, எனக்கும் அப்படித்தான், இது ரத்தத்தில் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவுக்கு ஆம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த கணக்கு, சுயகட்டுப்பாட்டில் மரபின் பங்கு சுமார் 60 சதவீதம் என்கிறது. இதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். உங்கள் கட்டுப்பாட்டில் 60 பங்கு அப்பா தந்தது என்று அர்த்தமில்லை. ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் அவ்வளவு மரபால் வருகிறது, அவ்வளவுதான். இதற்கென்று தனி மரபணுவும் கிடையாது, சின்னச் சின்னதாக நிறையச் சேர்கின்றன.

மிச்சத்தில் நித்திரைக்குப் பெரிய இடம். இரவு ஒரு மணிவரை போன் பார்த்தால் அடுத்த நாள் பசியும் கூடும், மனமும் சொல்வழி கேளாது.

அப்புறம் நாம் தினமும் போகிற வழி. கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினால் பேக்கரியைத் தாண்டித்தான் என் வீடு. ஐந்தரை மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ் ஆவி பறக்க அடுக்கியிருக்கும். அடக்கிப் பார்த்தேன், ம்ஹூம். இப்போது ஒரு தரிப்பு முந்தி இறங்கி மரைன் டிரைவ் வழியாக நடக்கிறேன். கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று நாம் நினைக்கிற பலர் ஆசையோடு சண்டை பிடிப்பதே குறைவு. அது எதிரே வராதபடி தங்கள் அன்றாடத்தை அமைத்துக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் எனக்குப் பழைய வழிதான்.